நிலமுடையோர் அவையும் நீர்வழி மாந்தரும்: சூரியநெல்லி மலைப்பகுதியின் நிலத்திட்ட வரலாற்றில் மக்கள் பங்கேற்பு

முன்னுரை

ஒரு வட்டாரத்தின் நிலத்தை எவ்வாறு பயன்படுத்துவது, நீர் வடியும் சரிவுகளை எவ்வாறு காப்பது என்பன குறித்துத் திட்டம் வகுக்கும்போது அவ்வட்டார மக்களின் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்னும் கொள்கை இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. 1992-இல் இரியோ டி ஜெனிரோவில் நடைபெற்ற புவி மாநாட்டின் பிரகடனம் தன் பத்தாம் கொள்கையில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டு இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்குச் சட்ட நிலை வழங்கியது. கொள்கையளவில் மறுப்பார் எவரும் இலர். ஆயினும் இக்கொள்கையில் இடம்பெறும் 'மக்கள்' என்னும் சொல்லுக்குள் அடங்குவோர் யாவர், அடங்காதோர் யாவர் என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுவதில்லை.

இக்கட்டுரை, கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள சூரியநெல்லியையும், அதனைச் சூழ்ந்த சின்னக்கானல், தேவிகுளம், மூணாறு மலைப்பகுதிகளையும் களமாகக் கொண்டு அவ்வினாவை ஆராய முற்படுகின்றது. இப்பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் வாக்குரிமை உடையவர்கள். கிராம சபையில் அமரும் உரிமையும் உடையவர்கள். ஆயினும் மலையின் பயன்பாடு குறித்த ஒவ்வொரு முடிவிலும் அவர்கள் கேட்கப்படாதவராகவே நின்றுள்ளனர். பங்கேற்பு உரிமை குடியிருப்பைச் சார்ந்து அமையாமல் நில ஆவணத்தைச் சார்ந்து அமைந்ததே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

சூரியநெல்லி என்னும் பெயரை நாளிதழ் வாசகர் பலர் 1996-இல் நிகழ்ந்த ஒரு குற்றத்தின் வழக்குப் பெயராகவே அறிவர். ஓர் ஊரின் பெயர் அவ்வாறு சுருங்கிவிடுவது அவ்வூரார்க்கு நேர்ந்த இழப்பு. இங்கு அப்பெயர் ஒரு மலைச்சரிவையும், ஒரு நீர்வழியையும், அவற்றின் மேல் வாழும் மாந்தரையும் மட்டுமே குறிக்கும்.

நிலமும் நீரும்

சூரியநெல்லி, சின்னக்கானல் ஊராட்சியைச் சேர்ந்தது. இங்கிருந்து மேற்கே வடியும் நீர் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, பன்னியாறாகி, முதிரப்புழையாற்றோடு கலந்து, பெரியாற்றின் வழியே அரபிக்கடலை அடைகின்றது. கிழக்கே மலைமுகடு கடந்தால் தேனி மாவட்டம். அங்கு வடியும் நீர் கொட்டகுடி ஆற்றின் வழியே வைகைக்குச் செல்கின்றது. ஒரே முகட்டில் பெய்யும் மழையில் ஒரு பாதி கொச்சிக்கும் மறுபாதி மதுரைக்கும் உரியதாகின்றது.

மாநில எல்லை பெரும்பாலும் இந்நீர்ப்பிரி மேட்டையே பின்பற்றுகின்றது. பாதை பின்பற்றுவதில்லை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதற்கு வண்டி செல்லும் வழி சூரியநெல்லியிலிருந்தே உள்ளது. தமிழகத்தின் ஒரு தோட்டத்திற்குச் செல்லக் கேரளத்தின் ஓர் ஊரைக் கடக்க வேண்டும். ஆட்சி எல்லை, நீர் எல்லை, வாழ்க்கை எல்லை ஆகிய மூன்றும் இங்கு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள் நீரையும் விலங்கையும் பேசுகின்றன. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. யானைகள் நீர் தேடி இறங்கும் இடம் ஆனையிறங்கல். மலையாளத்தில் நீர்வடிப் பகுதியைக் குறிக்க இன்று வழங்கும் திட்டச்சொல் 'நீர்த்தடம்' என்பதாகும். பழந்தமிழில் 'தடம்' என்னும் சொல்லுக்குக் குளம், கரை, வழி என்னும் பொருள்கள் மூன்றும் உண்டு. தமிழக அரசு ஆவணங்களில் வழங்கும் 'நீர்வடிப்பகுதி' என்னும் ஆக்கச்சொல்லைக் காட்டிலும் அண்டை மொழி போற்றிவைத்திருக்கும் இச்சொல் செறிவுடையது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

ஏரி வாரியத்தார் தகுதி

நீரை ஆள்வதில் யாரைக் கேட்பது என்னும் சிக்கல் தமிழ் வரலாற்றுக்குப் புதியதன்று. சூரியநெல்லிக்குச் செல்லுமுன் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை ஒருமுறை நினைவுகூர்தல் பொருந்தும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற இவ்விரு கல்வெட்டுகளும் குடவோலை முறையை விரிவாக விளக்குவன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் தெரிந்தெடுக்கப்பெற்றோர் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பிரிந்து செயற்பட்டனர். ஏரி வாரியத்தார் அறுவர். நீர்நிலைக்கென ஊரார் அமைத்த ஆட்சிக்குழு ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே நம்மிடம் இருந்தது என்று நாம் பெருமிதம் கொள்வதுண்டு. அப்பெருமிதத்தில் தவறில்லை.

எனினும் அக்கல்வெட்டு வாரியப் பொறுப்புக்கு உரியோரின் தகுதியையும் வரையறுக்கின்றது. கால் வேலிக்கு மேற்பட்ட இறையிறுக்கும் நிலம் உடையவராயிருத்தல் வேண்டும். தம் சொந்த மனையில் எடுத்த வீட்டில் வாழ்தல் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். அதாவது, கல்வி நிலத்தகுதியைப் பாதியாகக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஏரியின் மடையைத் திறந்தவர், கரைக்கு மண் சுமந்தவர் ஆகியோரின் பெயர் குடத்தினுள் விழ வழியில்லை. இப்பாடத்தை வகுப்பில் நடத்திய ஒருநாள், "நிலமில்லாதவர்க்கு ஏரி உடைந்தால் நட்டம் இல்லையா ஐயா?" என்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் கேட்டார். அன்று பொருத்தமான விடை கூற இயலவில்லை.

பிற்காலத்தில் குடிமராமத்து என்னும் பெயரில் நிலைபெற்ற வழக்கிலும் இதே பிரிவைக் காணலாம். 1858-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் காலங்களில் உழைப்பைக் கட்டாயமாகப் பெறுவதற்கு அரசுக்கு அதிகாரமளித்தது. உழைக்கும் கடமை அனைவர்க்கும் விரிந்தபோது முடிவெடுக்கும் உரிமை உடன் விரியவில்லை.

ஒப்பந்தத்தில் இடம்பெறாதோர்

உயர்மலைகளின் நவீன வரலாறு ஒரு குத்தகை ஆவணத்திலிருந்து தொடங்குகின்றது. 1877 ஜூலை 11-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்தின் தலைவர், கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு வழங்கினார். திருவிதாங்கூர் அரசு அதனைப் பின்னர் ஏற்றது. 1899-இல் பூஞ்ஞாற்றாரின் உரிமை திருவிதாங்கூரைச் சார்ந்தது. ஏறத்தாழ 227 சதுர மைல் பரப்பின் பயன்பாட்டை மாற்றிய இவ்வாவணத்தில் மூன்று தரப்பினரே உள்ளனர்: கொடுத்தவர், பெற்றவர், ஏற்ற அரசர். மலையில் முன்னரே வாழ்ந்த முதுவர், மன்னான் முதலிய பழங்குடியினர் அதில் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை. மதுரையிலிருந்து மலையேறி வந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் வழிவழிக் கதை முதுவரிடம் உண்டு. மலையின் பெயரில் இடம்பெற்றுள்ள கண்ணன் தேவன் என்பவரையும் ஒரு மலைத்தலைவராகவே மரபுச் செய்தி குறிப்பிடுகின்றது. பெயர் மலையில் எஞ்சியது. மலை அவர் வழியினரிடம் எஞ்சவில்லை.

சோலைக்காடும் புல்வெளியும் அழிக்கப்பட்டுத் தேயிலை பரவியது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியாக ஆள்கள் திரட்டப்பட்டனர். அவர்கள் மலையேறியபோது மலையின் வரைபடம் ஏற்கெனவே வரையப்பட்டிருந்தது. கண்ணன் தேவன் நிலத்துக்கு வெளியே அமைந்த சூரியநெல்லிப் பகுதியில் பிற நிறுவனங்களின் தோட்டங்கள் தோன்றின. முறை மட்டும் ஒன்றே. லயம் எனப்படும் வரிசை வீடுகள் தோட்டத்திற்குச் சொந்தம். வேலை உள்ளவரை வீடு. வேலை நீங்கினால் பிள்ளைகளுள் ஒருவர் அவ்வேலையில் சேர வேண்டும், அல்லது மலையிறங்க வேண்டும். தலைமுறைகள் கடந்தும் இவ்விதி மாறவில்லை.

தோட்டங்களின் தெற்கே ஏலமலைகள் உள்ளன. 1897-ஆம் ஆண்டு அறிவிக்கை ஏலமலைக் காப்புக்காட்டை வரையறுத்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கர் என ஒரு தரப்பும், 2,15,720 ஏக்கர் என மற்றொரு தரப்பும் வாதிடுகின்றன. முன்னே ஓர் '2' உண்டா இல்லையா என்பதில் இரண்டு இலட்சம் ஏக்கர் தொங்குகின்றது. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு கண்டு பழகிய தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் வியப்பளிக்காது. அப்பாடவேறுபாட்டின்மேல் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதே வேறுபாடு. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் இப்பகுதியில் புதிய பட்டா வழங்குவதற்குத் தடை விதித்தது. பட்டா உடையோரும் பட்டா வேண்டுவோரும் இவ்வழக்கில் தம் குரலை எழுப்ப இயலும். ஏலக்காட்டில் நாட்கூலிக்குக் காய் எடுப்போர்க்கு, பாடம் எதுவாயினும், ஆவணத்தில் இடமில்லை.

எல்லைக் காலமும் நிலச்சட்டமும்

1950-களில் இம்மலைகள் இரு மாநிலங்களுக்கிடையே வழக்குப்பொருளாயின. 1955 செப்டம்பரில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அளித்த அறிக்கை, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நிற்க வேண்டும் என்றது. இது குறித்துக் காமராசர் பெயரில் வழங்கும் வாய்மொழித் தொடர் ஒன்றைப் பலரும் எடுத்தாள்வர். சான்று வலுவற்ற அத்தொடரை இக்கட்டுரை ஆதாரமாகக் கொள்ளவில்லை. இங்கு நோக்கத்தக்கது வேறொன்று: தமிழர் பெரும்பான்மையினர் என்ற வாதத்திற்கு எதிராக, அவர்கள் வந்துபோகும் தோட்டக்கூலிகள், நிலைகுடிகள் அல்லர் என்னும் வாதம் முன்வைக்கப்பட்டது. நிலமின்மை இங்கு குடியின்மையாகப் பொருள் கொள்ளப்பட்டது.

அதே காலத்தில், 1954-55-இல், பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கிக் கல்லாறு, மறையூர் முதலிய இடங்களில் குடியேறியோர்க்கு நிலம் வழங்கியது. இரண்டாம் உலகப்போர்க் கால உணவுப் பஞ்சத்தின்போதே காடு திருத்தி உழவு செய்ய அரசு இசைவளித்திருந்தது. கீழ்நாட்டிலிருந்து வந்த அவ்வுழவர் கடுங்குளிரையும் மலைக்காய்ச்சலையும் யானைகளையும் எதிர்த்து நிலத்தைப் பண்படுத்தினர் என்பதை மறுத்தல் தகாது. அவர்தம் பிற்கால அச்சங்களுக்கு அவ்வுழைப்பே வேர். ஆனால் அவர்க்குக் கிடைத்த நிலம் அவர்களைக் கேட்கத்தக்க குடிகளாக ஆக்கியது என்பதும் உண்மை.

கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் (1963) தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. 1971-இல் கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. 1974-இல் நில வாரியம் அளித்த தீர்ப்பின்படி ஏறத்தாழ 57,000 ஏக்கர் நிறுவனத்திடமும், 70,000 ஏக்கருக்கு மேல் அரசிடமும் சேர்ந்தன. மீட்கப்பட்ட நிலத்தின் பயன் குறித்து வனத்துறை, வருவாய்த்துறை, பால்பண்ணை, நிலமற்றோர் குடியேற்றம் எனப் பல கோரிக்கைகள் எழுந்தன. அம்மலையில் உழைத்தோர் குடும்பங்களுள் மிகப்பல லயத்திலேயே நின்றன.

பயனாளர் குழுவும் லயமும்

நீர்வடிப் பகுதித் திட்டம் இந்தியாவில் மக்கள் திட்டமாக உருப்பெற்றது 1995-இல் எனலாம். அனுமந்தராவ் குழுவின் பரிந்துரைப்படி வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்புள்ள நுண்ணீர்வடிப் பகுதியை அலகாகக் கொண்டு, ஊரார் சங்கமும் குழுவும் திட்டத்தை வகுத்துச் செயற்படுத்த வேண்டும் என்றன. பொறியாளர் வகுத்ததை ஊரார் ஏற்றல் என்னும் பழைய முறைக்கு இது நேர்மாறானது. ஆயினும் அந்நெறிகள் ஊராரை இரு வகையாகப் பிரித்தன. நிலமுடையோர் 'பயனாளர் குழு' ஆயினர். நிலமற்றோர் 'சுய உதவிக் குழு' ஆயினர். முன்னவர் சரிவையும் வரப்பையும் தடுப்பணையையும் குறித்து முடிவெடுப்பர். பின்னவர் ஆடு வளர்த்தல், கூடை முடைதல் போன்ற வருவாய்ப் பணிகளுக்குக் கடன் பெறுவர். நிலமற்றோரை மறவாமை பாராட்டத்தக்கது. ஆனால் நீரைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர்களை அமர்த்தவில்லை. உத்திரமேரூரின் கால் வேலி இங்கு வேறு பெயரில் திரும்புகின்றது.

கேரளம் 1996 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இதனினும் பரந்த முயற்சி. திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. வார்டு தோறும் கிராம சபை கூடித் தேவைகளைப் பட்டியலிட்டது. ஊராட்சி தோறும் வளர்ச்சி அறிக்கை எழுதப்பட்டது. தம் ஊரின் மண்ணையும் நீரையும் தாமே வரைபடமாக்கிய ஊர்களுள் கண்ணூர் மாவட்டத்துக் கல்யாச்சேரி முன்னோடியாகப் போற்றப்படுகின்றது. இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு பேர் திட்டமிடுதலில் ஈடுபட்டதில்லை என்பது மிகையன்று.

ஆனால் தோட்டத்தினுள் வீடும் குடிநீரும் மருத்துவமும் நிறுவனத்தின் பொறுப்பு என 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறியது. தொழிலாளரைக் காக்க வந்த அச்சட்டமே, ஊராட்சியின் திட்டம் தோட்டத்தின் வாயிலோடு நின்றுவிடுவதற்கும் காரணமாயிற்று. லயத்தின் பின்னே ஓடும் ஓடையைத் திருத்த ஊராட்சிக்கு நிலமில்லை, தொழிலாளிக்கும் இல்லை. கிராம சபையில் அவர் எழுந்து பேசலாம். பேசுவதற்கு உரிய சரிவு அவருடையதன்று என்னும் விடை காத்திருக்கும்.

இரு குழுக்களும் ஆறு வரைவுகளும்

2010 மார்ச்சில் நடுவணரசு மாதவ் காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சிமலைச் சூழலியல் வல்லுநர் குழுவை அமைத்தது. அக்குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. மலைத்தொடரை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பகுத்து, மூன்று நிலை மண்டலங்களை அது முன்மொழிந்தது. தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்கள் முதல் மண்டலத்தில் இடம்பெற்றன. பலரும் படித்தது இம்மண்டலப் பட்டியலை மட்டுமே. மண்டல எல்லைகள் முடிந்த முடிபல்ல, நுண்ணீர்வடிப் பகுதிகளையும் ஊர் எல்லைகளையும் கொண்டு உள்ளூர் மக்களோடு கலந்து இறுதி செய்யப்பட வேண்டியவை என்று அவ்வறிக்கை கூறியதைப் படித்தோர் குறைவு. கோவா மாநிலம் 2021-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு வகுத்த வட்டாரத் திட்டத்தின்போது நிலத் தரவுகள் கிராம சபைகளின் முன் வைக்கப்பட்டதை அது முன்மாதிரியாகக் காட்டியது; அம்முயற்சி நிறைவுறாமல் போனதையும் அது மறைக்கவில்லை.

நிகழ்ந்தது வேறு. கிராம சபைகளுக்குச் செல்லவேண்டிய அறிக்கையை வெளியிடவே அமைச்சகம் தயங்கியது. நடுவண் தகவல் ஆணையத்தின் ஆணையும், அதனை உறுதிசெய்த தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்த பின்னரே, 2012 மே மாதம் அது வெளிவந்தது, ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒன்பது மாதங்கள் மறைந்திருந்த ஆவணத்தைப் பற்றி மலையில் அச்சம் பரவியதில் வியப்பில்லை. வீடு கட்டலாகாது, மாடு வளர்க்கலாகாது, குடியிறக்கம் உறுதி என்றெல்லாம் பேச்சு எழுந்தது. அறிக்கையில் இல்லாதவற்றை மறுக்க அறிக்கை கையில் இருந்திருக்க வேண்டும்.

பின்னர் கஸ்தூரிரங்கன் தலைமையில் அமைந்த உயர்நிலைப் பணிக்குழு, 2013 ஏப்ரலில் மாற்றுப் பரிந்துரை அளித்தது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மலைத்தொடரின் 37 விழுக்காட்டைச் சூழல் உணர்திறன் மிக்க பகுதியாக அது குறித்தது. ஊரை அலகாகக் கொண்டு, கேரளத்தில் 123 ஊர்களைப் பட்டியலிட்டது. இவற்றுள் 40-க்கும் மேற்பட்டவை இடுக்கியில் உள்ளன. முந்தைய அறிக்கையைப் பற்றிப் பெறப்பட்ட கருத்துரைகள் 1,750 எனவும், அவற்றுள் 81 விழுக்காடு எதிர்ப்பு எனவும் இக்குழு தெரிவித்தது.

இவ்விரு எண்களிலும் சற்று நிற்க வேண்டும். ஆறு மாநிலங்களில் பரந்த, கோடிக்கணக்கானோர் வாழும் ஒரு மலைத்தொடர் பற்றி எழுதியோர் 1,750 பேரே. எழுதுவதற்கு ஆங்கில அறிக்கையைப் படித்திருக்க வேண்டும். அல்லது படித்த அமைப்பொன்று பின்னிருக்க வேண்டும். குவாரி, மணல், அணை, நிலம் எனத் திட்டத்தால் மதிப்புக் குறையக்கூடிய உடைமை ஒன்று இருக்க வேண்டும். 81 விழுக்காட்டைப் பொய் எனல் ஆகாது. அது யாருடைய 81 விழுக்காடு என்பதே வினா. வேதமும் பாடியமும் வல்லார்க்கு அரைக்கால் வேலி போதும் என்ற விதி நினைவுக்கு வருகின்றது.

2013 நவம்பர் 13-இல் நடுவணரசு இப்பகுதிகளில் சுரங்கம், குவாரி, பெருங்கட்டடம் ஆகியவற்றுக்குத் தடை விதித்து ஆணையிட்டதும் இடுக்கி கொந்தளித்தது. கடையடைப்புகள் தொடர்ந்தன. உயர்மலைப் பாதுகாப்புச் சமிதி குடியேறிய உழவரைத் திரட்டியது. 2014 மக்களவைத் தேர்தலில் அதன் ஆதரவோடு இடதுசாரி அணியின் சார்பில் நின்ற சுயேச்சை வேட்பாளர் இடுக்கியில் வென்றார். மாநில அரசு உம்மன் வி. உம்மன் தலைமையில் ஒரு குழுவை அமைத்துக் கருத்துக் கேட்டது. 2014 மார்ச்சில் வெளிவந்த முதல் வரைவு அறிவிக்கையில் கேரளத்தின் பகுதி 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து 9,993.7 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. இதுவும் மக்கள் பங்கேற்பே. தெருவில் நிகழ்ந்த, பயன் விளைத்த பங்கேற்பு. நீக்கப்பட்ட 3,114 சதுர கிலோமீட்டர் குடியிருப்பும் தோட்டமும் உழவு நிலமும் என விளக்கப்பட்டது. அத்தோட்டங்களில் வாழ்வோர் நீக்கத்தை வேண்டினரா, மறுத்தனரா என்பதற்கு அவ்வளவையில் இடம் இருக்கவில்லை.

அதன்பின் 2015, 2017, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வரைவுகள் மீண்டும் வெளியிடப்பட்டன. ஆறாம் வரைவு 2024 ஜூலை 31-இல் வந்தது. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்ததற்கு மறுநாள் அது. ஒவ்வொரு வரைவிலும் அறுபது நாளுக்குள் எதிர்க்கருத்து தெரிவிக்கலாம் என்னும் வரி உண்டு.

இடையே, 2015 செப்டம்பரில், மூணாற்றின் தமிழ்ப் பெண் தொழிலாளர் தொழிற்சங்கங்களை விலக்கித் தாமே திரண்டு சாலையில் அமர்ந்தனர். பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் அப்போராட்டம் அறியப்பட்டது. ஊக்கத்தொகையும் கூலியும் அவர்தம் கோரிக்கை. மலையைப் பற்றிய வரைவுகள் மேசைகளில் கிடந்த அதே ஆண்டுகளில், மலையில் நாள்தோறும் நடப்போர் தம் கூலிக்காகப் பேசியதே நாடெங்கும் கேட்டது. மலையைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மொழி என்னும் வாயில்

நில ஆவணத்தை அடுத்து, பங்கேற்பின் இரண்டாம் வாயில் மொழி. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்தது. ஒருவர் எழுதும் கடிதத்துக்கு உள்ள இவ்வுரிமை, அவரை நோக்கி வரும் அறிவிக்கைக்கு இல்லை. அறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் அரசிதழில் வெளியானால் அனைவர்க்கும் தெரிவிக்கப்பட்டதாகச் சட்டம் கொள்ளும். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு பற்றிய வழக்கில், எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதனை மொழிபெயர்க்க வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30-இல் ஆணையிட்டது. புரியாத மொழியில் கருத்துக் கேட்டல் கேட்டல் ஆகாது என்னும் கொள்கையை நீதிமன்றம் இங்கு ஏற்றது எனலாம். தமிழ்த்துறைகள் அறிவியல் தமிழ், ஆட்சித் தமிழ் என்று கருத்தரங்குகள் நடத்துகின்றன. சூரியநெல்லியின் லயத்தில் ஒருவர் படித்து மறுமொழி எழுதத்தக்க தமிழில் ஒரு நிலத்திட்ட வரைவை ஆக்கித் தருதல் அப்பணியின் பகுதியே.

301 குடியிருப்பும் ஒரு யானையும்

சின்னக்கானலின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு நிகழ்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. 2000-களின் தொடக்கத்தில் கேரள அரசு நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு ஆனையிறங்கலை அடுத்த பகுதியில் நிலம் வழங்கியது. பயனாளிகளின் எண்ணிக்கையாலேயே அவ்விடம் '301 குடியிருப்பு' எனப் பெயர் பெற்றது. நிலம் கொடுத்தது நீதி. கொடுத்த இடம் யானைகளின் வழி. ஆனையிறங்கல் என்னும் பெயரே சான்றாக நிற்க, பெயரையும் கேட்கவில்லை, அங்கு வாழ்ந்தோரையும் கேட்கவில்லை. உயிரிழப்புகளுக்குப் பின் பல குடும்பங்கள் வெளியேறின.

அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததால் 'அரிக்கொம்பன்' எனப் பெயர் பெற்ற ஆண்யானை, பன்னியாறு தோட்டத்தின் நியாயவிலைக் கடையைப் பன்முறை தாக்கியது. தோட்டத் தொழிலாளர் அரிசி வாங்கும் கடை அது. வழக்கு கேரள உயர் நீதிமன்றம் சென்றது. வல்லுநர் குழு யானையைப் பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளத்திற்கு மாற்றப் பரிந்துரைத்தது. உடனே பறம்பிக்குளத்தை அடுத்த முதலமடைப் பகுதி மக்கள் கிளர்ந்தனர். 2023 ஏப்ரலில் கடையடைப்பு நடந்தது, சட்டமன்ற உறுப்பினர் நீதிமன்றத்தை அணுகினார், திட்டம் மாற்றப்பட்டது. ஏப்ரல் 29-இல் பிடிக்கப்பட்ட யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அது மலைமுகடு கடந்து கம்பம் நகருக்குள் இறங்கியது. ஜூனில் தமிழக வனத்துறை அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு சென்றது.

முதலமடை மக்களின் எதிர்ப்பு சில நாள்களில் ஒரு நீதிமன்ற முடிவை மாற்றியது. மாந்தோப்புகளும் பட்டாக்களும் வாக்கு வலிமையும் உடைய ஊர் அது. சின்னக்கானலின் தோட்டத் தொழிலாளரும் பழங்குடியினரும் பல ஆண்டுகள் முறையிட்ட பின்னரே அவர்தம் துயரம் வழக்காயிற்று. இரு தரப்பும் மக்களே; இரு தரப்பும் பேசினர். கேட்கப்பட்ட விரைவு வேறு. அதே 2023-இல் சின்னக்கானலில் 364.39 ஹெக்டேர் நிலத்தைக் காப்புக்காடாக்கும் அறிவிக்கை வெளிவந்து, எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டதும் இவ்வரிசையில் எண்ணத்தக்கது.

பெட்டிமுடி

2020 ஆகஸ்ட் 6 நள்ளிரவை ஒட்டி, மூணாற்றுக்கு வடக்கே இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில், இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒட்டிய சரிவு பெயர்ந்து ஓடை வழியே இறங்கியது. ஓடையருகே நின்ற நான்கு லய வரிசைகள் மண்ணில் புதைந்தன. எழுபது பேர் இறந்தனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவில்லை. இறந்தோருள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்டவர்கள்.

மேலே காக்கப்பட்ட பூங்கா. கீழே நிறுவனத்தின் நிலம். இடையே ஓர் ஓடை. பூங்காவின் எல்லையை வனத்துறையும், லயத்தின் இடத்தைப் பல பதிற்றாண்டுகட்கு முன் தோட்ட நிருவாகமும் முடிவு செய்தன. அவ்வோடை மழைக்காலத்தில் எவ்வளவு பெருகும், எங்கு கரை தின்னும் என்பதை நாள்தோறும் கண்டிருந்தோர் அதன் கரையில் உறங்கியவர்கள். அவர்கள் நிலமுடையோர் அல்லர் என்பதால் எந்தப் பயனாளர் குழுவிலும் இல்லை. ஆறு வரைவுகளின் எந்தக் கருத்துக்கேட்பிலும் அவர்தம் ஓடை ஒரு பொருளாக எழவில்லை.

பின்னர், உயிர்பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார் பள்ளத்தாக்கில் அரசு நிலம் அளிக்க, அதில் வீடுகள் கட்டித் தரப்பட்டன.